துரை எழுதிய சர்டிபிகேட்டும் ஆஞ்சலா டீச்சரின் மூன்று கேள்விகளும்

மேஜர் ரெட்ஃபர்ன் என்ற வெள்ளைக்காரத் துரை என் தாத்தா பொன்னுரங்கத்துக்கு இருபத்தேழு ரூபாய் கடன்பட்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷத்துக் கடன். துரையும் போய்ச் சேர்ந்துவிட்டார், தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படி ஒரு கடன் இருந்ததே எனக்கு எழுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. சொன்னவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சொல்லவைத்தவர் ஆஞ்சலா டீச்சர்.

பள்ளி ஆண்டு மலருக்கு டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கரஸ்பாண்டென்ட் கில்பர்ட் சார் கேட்டார். ஒரு பக்கத்தில் முடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் முப்பது வருஷமாகத் தினம் தமிழ் பேப்பரை டெண்டர் விளம்பரம் வரை படிக்கிறவன். எழுத்துப் பிழை இருந்தால் என் மருமகள் மமதா பார்த்துக்கொள்வாள். விஷயத்தில் பிழை இருக்காது. அதற்கு நான் ஜவாப்தாரி.

என்னைத் தெரியாதவர்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குறைவு. கோவிந்தப்பா ஷாமியானா, பாத்திர வாடகை. பதினோரு வயதில் கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுக்கப் போனேன். இன்று என்னிடம் நாலாயிரம் தட்டு, எண்ணூறு நாற்காலி, இரண்டு டெம்போ. பேங்க் மேனேஜர் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். பள்ளிக்கூடத்து போர்வெல் நான் போட்டுக் கொடுத்தது. மோட்டார் ரூம் சுவரில் கல்லில் என் பேர் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனா சொல்வான்?

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஞ்சலா டீச்சர் ஜீவனஹள்ளிக்காரர். அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் முன்னால் நின்றே கால் வீங்கிப்போனவர். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தால், சின்னப் பெண் ஆஞ்சலா அவர் எதிரே நின்று பாடத்தை ஒப்பிப்பாராம். நாலு வரி தாண்டுவதற்குள் அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாராம். "அப்பா தூங்காம கேக்கற மாதிரி பாடம் சொல்லணும்னுதான் டீச்சர் வேலைக்கே வந்தேன் அய்யா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த அப்பா இப்போது இல்லை. அம்மாவும் இவரும்தான். பதினோரு வருஷமாக எங்கள் பள்ளியில் சரித்திரம் எடுத்தும் வேலை நிரந்தரமாகவில்லை. வருஷா வருஷம் மார்ச் மாதம் நானும் இருக்கிற கமிட்டி கூடிக் கையெழுத்துப் போட்டால்தான் ஜூனில் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, அம்மாவுக்கு மருந்து, ஸ்கூட்டருக்கு பெட்ரோல் எல்லாம்.

அவர் பாடம் எடுப்பதை நான் முதலில் பார்த்தது ஜன்னல் வழியாக. மோட்டார் ரிப்பேர் என்று போயிருந்தேன். போர்டில் ஒரு பழைய போட்டோவின் நகலை ஒட்டியிருந்தார். பங்களா வாசலில் துரையும் துரைசாணியும் நாற்காலியில். காலடியில் நாய். பின்னால் சுவரோரம் தலைப்பாகை கட்டிய ஐந்து பேர் நிற்கிறார்கள். அடியில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து.

"அடியில யார் யார் பேர் போட்டிருக்கு?"

"துரை, துரைசாணி, அப்புறம் ஜிப்ஸி, மிஸ்."

"ஜிப்ஸி யாரு?"

"நாய், மிஸ்."

டீச்சர் ஓரமாக நகர்ந்தார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிள்ளைகளே ஒவ்வொருத்தராக அந்த ஐந்து பேரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் மெதுவாக, "நாய்க்குப் பேர் இருக்கு மிஸ்" என்றாள். அதற்குப் பிறகுதான் டீச்சர் வாயைத் திறந்தார். "வீட்டுல போய்க் கேளுங்க. உங்க கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி யாராவது இந்த மாதிரி சுவரோரம் நின்னவங்களா? அவங்க வச்சிருந்த பொருள் ஏதாவது இருந்தா கொண்டாங்க."

போர்டின் மூலையில் கட்டம் போட்டு மூன்று கேள்வி எழுதியிருந்தது. வருஷம் முழுக்க அதை அழிக்க மாட்டாராம். இதை யார் எழுதியது? யாருக்காக எழுதியது? இதில் பேசாதவர் யார்?

அன்றைக்கு நான் கில்பர்ட் சாரிடம், "மூணு கேள்விய எழுதி வச்சுட்டு வருஷம் பூரா சம்பளம் வாங்கறாங்களே, நல்ல தொழில் சார்" என்று சொல்லிச் சிரித்தேன். சொன்னதை மறைக்க மாட்டேன்.

பிள்ளைகள் பொருள் கொண்டுவந்தார்கள். குதிரைக்காரர் ஒருவரின் பித்தளை பெல்ட் வில்லை, கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி, ஆயா வேலை பார்த்த ஒரு பாட்டியின் தொப்பி. ஊர் முழுக்க இதே பேச்சு. எனக்குப் பொறுக்குமா? இவர்களிடம் எல்லாம் வெறும் இரும்பும் துணியும். என் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குவது துரையே கைப்பட எழுதிக் கொடுத்த சர்டிபிகேட். பட்லர் பொன்னுரங்கம் போல ஒரு ஆள் இந்தக் கன்டோன்மென்டிலேயே இல்லை என்று துரை எழுதியிருக்கிறார். அப்படித்தான் தாத்தா சொல்வார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கூட அதைக் காட்டித்தான் காபி கொடுப்போம்.

டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் கடைக்கு வந்தார். நான் சட்டத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"அய்யா, இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு யாராவது படிச்சுக் காட்டியிருக்காங்களா?"

"படிக்க என்னம்மா இருக்கு? எங்க தாத்தா வாயாலயே கேட்டிருக்கேன்."

"இல்லங்கய்யா. வகுப்புல படிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேட்டுடுங்க. நான் இப்பவே தமிழ்ல சொல்றேன்."

கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால், என் தாத்தா சர்டிபிகேட்டை எனக்கே படித்துக் காட்டுகிறேன் என்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "டீச்சரம்மா, அந்தத் துரை வீட்டுக் கதை பூரா எனக்கு மனப்பாடம். நீங்க பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. நானே வந்து முன்னால உக்காருறேன்."

"வீட்டுல மமதா இருக்காங்களா? அவங்ககிட்டயாவது..."

"சட்டத்த எடுத்துட்டு நீங்க போங்கம்மா."

இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டு தரமும் நான் விடவில்லை. இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் பேசிய பேச்சு அப்படி.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எனக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். சிந்து என்று ஒரு பெண் எழுந்து படித்தாள். துரையின் கையெழுத்து கொடியில் காயப்போட்ட நூல் மாதிரி இழுத்து இழுத்து இருக்கும். அதையும் தடுமாறாமல் இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தாள். தமிழில் அவள் படித்தது இது.

"இதைக் கொண்டுவரும் பொன்னுரங்கம் என்னிடம் ஆறு வருஷம் பட்லராக இருந்தான். சுத்தமானவன், குடிக்க மாட்டான். போன குளிர்காலத்தில் என் மனைவியின் விருந்துப் பாத்திரங்களில் பெரிய சூப் பாத்திரம் உடைந்துபோனது. அதற்காக அவன் சம்பளத்தில் மாதம் ஒன்பது ரூபாய் வீதம் மூன்று மாதம் பிடித்தேன். தள்ளி உடைத்தது எங்கள் நாய் என்று பிறகு தெரிந்தது. பிடித்த பணத்தைக் கேட்கிற வழக்கம் அவனுக்கு இல்லாததால் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தன் இடம் தெரிந்த வேலைக்காரன். தாராளமாக வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்."

பின் பெஞ்சிலிருந்து சுஹாஸ் என்கிற பையன், "மிஸ், ஒம்பது பர்சென்ட் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். இன்னைக்குக் கிட்டத்தட்ட எழுபத்தஞ்சாயிரம் வருது. நாய் மேல கேஸ் போடலாமா?" என்றான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் சிரித்தது நாயை நினைத்து. எனக்கு அது என் தாத்தாவைப் பார்த்துச் சிரித்த மாதிரி கேட்டது. எழுந்தேன். சிந்து கையிலிருந்து சட்டத்தை வாங்கினேன். டீச்சர் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "அய்யா, ஒரு நிமிஷம்" என்றார். நான் திரும்பவில்லை.

நேரே கில்பர்ட் சார் ரூம்.

"எங்க தாத்தா மானத்த பெஞ்சு மேல ஏத்திட்டாங்க. இந்த டீச்சர் இனிமே வேணாம்."

"கோவிந்தப்பா சார், ஸ்வல்ப பொறுங்க. தண்ணி குடிங்க."

"அந்தத் தண்ணியே நான் போட்ட போர்வெல்லுதான்."

அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "சனிக்கிழமை கமிட்டி. அன்னைக்குத்தான் அவங்க ரின்யூவலும். எழுத்துல குடுத்துடுங்க. நீங்க வேணாம்னா, மத்தவங்க வேணும்னு சொல்ல மாட்டாங்க. அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கம்ப்யூட்டர் சென்டரில் நாற்பது ரூபாய் கொடுத்து டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தை மாட்டப் போனேன். சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் வெளுத்து, நாலு மூலையாகத் தெரிந்தது. சட்டத்தைத் திருப்பிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மமதா கேஜிஎஃப் பெண், இங்கிலீஷில் படித்தவள். காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கல்யாணமாகி வந்த மொத வாரமே படிச்சேன் மாமா. ஒட்டடை அடிக்க ஸ்டூல் போட்டு ஏறினப்போ."

"ஒம்பது வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க வர்றவங்களுக்கெல்லாம் அதைக் காட்டறப்போ உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது மாமா. எனக்குத் தெரியும்."

நான் காபியைக் குடித்தேன். சர்க்கரை போட்டாளா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கெல்லாம் தாத்தா ஞாபகம். அவர் செத்தபோது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் வீட்டில் பீங்கானோ கண்ணாடியோ ஒரு சாமான் கிடையாது. எல்லாம் அலுமினியம். அம்மா ஆசைப்பட்டு ஒருமுறை ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூப்போட்ட பீங்கான் கப் இரண்டு வாங்கி வந்தாள். தாத்தா அதைத் தொடவே இல்லை. இரண்டையும் கந்தலில் சுற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். அம்மா அழுதாள். "உடையாத பாத்திரத்துல குடிச்சா தொண்டைக்குள்ள எறங்காதா?" என்றார். கிழவனுக்குக் கஞ்சத்தனம் என்று நினைத்தோம். அறுபது வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் வளர்ந்தவன், வளர்ந்து பீங்கான் தட்டை வாடகைக்கு விடுகிற தொழிலில் இறங்கினேன்.

வியாழக்கிழமை டீச்சர் கடைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். சண்டைக்கு வருவார், இல்லை அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"வேலைக்காக வரலங்கய்யா. அது உங்க இஷ்டம், கமிட்டி இஷ்டம்." ஒரு காகிதக் கட்டை மேஜை மேல் வைத்தார். "இது உங்க வீட்டுக்கு வந்த லெட்டருங்க. நான் வச்சிருக்கக் கூடாதுன்னு கொண்டாந்தேன்."

"என்ன லெட்டரு?"

"துரைக்குப் பதில். பொன்னுரங்கம் அய்யா எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பாருன்னு பிள்ளைங்களை எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டு இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு நான் இன்னும் கெட்டியா நின்னு உங்களுக்கு மொதல்ல படிச்சுக் காட்டியிருக்கணும். அது என் தப்பு. ஆனா படிச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்."

இப்படி ஒரு மன்னிப்பை நான் என் வியாபாரத்தில் கண்டதில்லை. குனிந்த மாதிரியும் இருக்கிறது, நிமிர்ந்த மாதிரியும் இருக்கிறது.

"நாளைக்கு மூணாவது பீரியட் அந்தப் பாடத்தை முடிக்கறேன். பிள்ளைங்ககிட்ட துரை சொன்னது மட்டும்தான் இருக்கு. உங்க தாத்தா வீட்டுல எப்படி இருந்தாருன்னு சொல்ல உங்களை விட்டா ஆள் இல்லை. வந்தா நல்லா இருக்கும். வராட்டியும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்து லெட்டர்களைப் பிரித்தோம். தமிழில் இருந்ததை நான் படித்தேன், இங்கிலீஷையும் கன்னடத்தையும் மமதா படித்தாள். ஒரு பிள்ளை எழுதியிருந்தது, "துரை அவர்களுக்கு, உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று ராத்திரி விழித்திருந்தேன். அதற்கு எவ்வளவு பிடித்தீர்கள்?" இன்னொன்றில் நாலே வரி. "நான் உடைக்கவில்லை. உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஜிப்ஸிக்கும் தெரியும்." நாய்க்குப் பழைய போட்டோவிலிருந்தே பேர் எடுத்துக்கொண்டது அந்தப் பிள்ளை. சுஹாஸ் வட்டிக் கணக்கைக் கட்டம் போட்டு முழுக்க எழுதி, கீழே "இப்படிக்கு, தங்கள் இடம் தெரிந்த பொன்னுரங்கம்" என்று முடித்திருந்தான். ஒரு லெட்டரில் முக்கால்வாசி படம்தான். அலுமினிய டம்ளர் மாதிரி ஒன்று வரைந்து, பக்கத்தில் "தாத்தா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று எழுதியிருந்தது. அலுமினியக் கதை அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதன் வீட்டிலும் அலுமினியம்தான் போலிருக்கிறது.

அதைப் படித்தபோது நான் அழுதேன் என்று மமதா சொல்வாள். கண்ணில் தூசி என்று நான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை போனேன். சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பீங்கான் கப்புக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். யார் பேசினாலும் அப்படியே எழுதவேண்டும் என்பது டீச்சர் சட்டம். நான் பேசுவதை இத்தனை பேர் எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது நிமிஷம் பேசினேன். எச்சில் இலை எடுத்ததிலிருந்து இரண்டு டெம்போ வரைக்கும் வந்துவிட்டேன்.

சிந்து கை தூக்கினாள். "தாத்தா, உங்க கடையிலயும் தட்டு உடையும்ல?"

"உடையாம? கண்ணாடி சாமான்னா உடையத்தான் செய்யும்."

"உடைஞ்சா யாருக்குப் புடிப்பீங்க?"

வேறு எதையும் மனசில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. சும்மா, அடுத்த கேள்வியாகக் கேட்டாள். டீச்சர் முன்னால் வந்தார். "இதுக்கு அய்யா பதில் சொல்லியே ஆகணும்னு இல்ல சிந்து. வேணும்னா சொல்லுவாரு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். வழி விட்டுத்தான் நின்றார். ஆனால் பயந்து ஒதுங்கினான் கோவிந்தப்பா என்று பேர் வரக்கூடாதே. "கழுவறவங்க சம்பளத்துல புடிப்போம். எல்லாக் கடையிலயும் அப்படித்தான். தொழில்ல அது சகஜம்" என்றேன்.

முப்பத்தெட்டு பேனாவும் ஓடின. பிறகு எழுதியதைச் சரிபார்க்க ஒருத்தர் வாசிக்கவேண்டும், அதுவும் டீச்சர் சட்டம். சுஹாஸ் எழுந்தான். கேலி எதுவும் இல்லாமல் வாசித்தான். "கோவிந்தப்பா அவர்கள் சொன்னது. கழுவுகிறவர்கள் சம்பளத்தில் பிடிப்போம். தொழிலில் அது சகஜம்." கையோடு, பழக்கத்தில், போர்டு மூலையைப் பார்த்து மூன்றாவது கேள்வியையும் வாசித்தான். "இதில் பேசாதவர் யார்?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காப்பாற்றவும் வரவில்லை, மாட்டிக்கொண்டேன் என்று பார்க்கவும் இல்லை. நான் என்ன செய்கிறேனோ அதற்கு இடம் விட்டு நின்றார். அந்த நிற்பை நான் மறக்க மாட்டேன்.

"சரசு" என்றேன்.

"யாரு தாத்தா அது?"

"எங்க கடையில பாத்திரம் கழுவறவங்க. பதினாலு வருஷமா."

"அவங்க உடைச்சாங்களா?"

போன ஐப்பசி மாதம் காக்ஸ் டவுனில் ஒரு ரிசப்ஷன். திரும்பி வரும்போது டெம்போ பிரேக் அடித்ததில் சூப் கிண்ணம் அடுக்கிய க்ரேட் சரிந்தது. நாற்பது கிண்ணம். டிரைவரைத் திட்டினால் வேலையை விட்டுப் போய்விடுவான், டிரைவர் கிடைப்பது கஷ்டம். க்ரேட்டை அடுக்கியது சரசு. ஆகவே மாதம் எண்ணூறு வீதம் நாலு மாதம் சரசுவுக்குப் பிடித்தேன். மூவாயிரத்து இருநூறு. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே அவளை நல்லவள் என்று நாலு பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

"தெரியல கண்ணு" என்றேன் சிந்துவிடம். "நான் கேக்கல."

மணி அடித்தது. வெளியே வரும்போது டீச்சர் என் கையிலிருந்த சட்டத்தை வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் தூக்கி வந்தார். ஆட்டோவில் நான் உட்கார்ந்ததும் சட்டத்தை மடியில் வைத்து, அதன் மேல் என் கையை எடுத்து வைத்துவிட்டு, "பார்த்துப் போங்கய்யா" என்றார்.

சனிக்கிழமை கமிட்டி. கில்பர்ட் சார் என் கடுதாசியை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் அதை எடுத்து நாலாக மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "இதுல நான் மட்டும்தான் பேசியிருக்கேன் சார். செல்லாது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு, வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிற இந்த வேலை இனிமேல் வேண்டாம், டீச்சரை நிரந்தரம் ஆக்குங்கள் என்றேன். பணம் இல்லை என்று இழுத்தார்கள். ஐம்பது வருஷம் பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேரம் பேசியவன் நான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். போர்வெல்லுக்கு அடுத்தபடி அந்தப் பள்ளிக்கு நான் செய்த பெரிய காரியம் அதுதான். கல்லில் பேர் போடவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சருக்கு விஷயம் தெரிந்து போன் செய்தார். நன்றி என்று ஆரம்பித்தார். "நன்றி இருக்கட்டும் டீச்சரம்மா, எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் குழாயடி. சரசு முந்தின நாள் நிச்சயதார்த்தத் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போவது தண்ணீர் வீணாகிறது என்று கத்துவதற்குத்தான். பார்த்ததும் குழாயை மூடினாள்.

"மூட வேணாம். அந்த சூப் கிண்ணம் உடைஞ்சுதே, எப்படி உடைஞ்சுது?"

நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப என்ன ஓனரு அதுக்கு? புடிச்சு முடிச்சாச்சே."

"கேக்கறேன், சொல்லு."

"டெம்போல கயிறு கட்டல. கட்டுப்பான்னு சொன்னேன். லேட்டாச்சுன்னுட்டான். க்ரேட்டு என் கால் மேலதான் விழுந்துச்சு." பாதத்தைக் காட்டினாள். கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? கணக்கு நோட்டை எடுத்தீங்க, பேனாவை எடுத்தீங்க, போட்டீங்க. அதுக்கு நடுவுல நான் எங்க பேசறது?"

பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்தேன். அவள் பணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன ஓனரு, கார்ப்பரேஷன் எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?"

"நின்னா ஜெயிப்பேன். கையை நீட்டு."

"சோப்புக் கை."

"பரவால்ல."

பரவாயில்லை என்று விட்டுவிடுகிறவள் இல்லை சரசு. இரண்டு கையையும் நன்றாகக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். வலது கையை நீட்டினாள். தண்ணீரிலேயே ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"எண்ணிக் குடுங்க ஓனரு. வாயால எண்ணுங்க."

எண்ணினேன். ஐநூறு. ஆயிரம். ஆயிரத்து ஐநூறு. இரண்டாயிரம். இரண்டாயிரத்து ஐநூறு. மூவாயிரம். கடைசி இருநூறு ரூபாய் நோட்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.